தொழுகை இல்லாத நாட்கள்

தஸ்லீம் சொன்னது சின்னப் பொய்தான். ஒரு மாலை மஃரிபு தொழுகையில், நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்து எழும்போது சிறுநீர் கசிந்தது. கசிந்தால், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளு முறிந்துவிடும். போய்க் கழுவி, துணி மாற்றி, மறுபடி ஒளு செய்து வந்து நின்றாள். மறுபடி கசிந்தது. மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இப்படித்தான். இருமினால், குடம் தூக்கினால், வாய்விட்டுச் சிரித்தால் வந்துவிடும். மறுநாள் மாமியார் ரஹமத் பீவி பாயை விரித்துவிட்டு, "வரலயா?" என்றாள்.

"எனக்குத் தொழுகை இல்ல மாமி."

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தொழுவதில்லை. அதனால் அந்த வீட்டில் இந்த ஒரு வார்த்தைக்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தஸ்லீமுக்கு நிம்மதியாக இருந்தது. வாரம் முடிந்ததும் போய் நின்றாள். கசிந்தது. மறுபடி தொழுகை இல்லை என்றாள்.

உள்ளே வைத்துக்கொள்ளும் துணிகளைத் துவைத்துப் பின்கட்டில் காயப்போட்டாள். அவை தினமும் காய்வதை ரஹமத் பீவி பார்த்தாள். மருமகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதையும், முகம் வாடிக் கிடப்பதையும் பார்த்தாள். உதிரம் நிற்கவில்லை என்று முடிவு செய்து மகனிடம் சொன்னாள்.

கடத்தூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் தஸ்லீமின் கணவன் நிசார் அகமது பயந்துபோனான். அரூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான். அவள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவள்.

"எடுத்துட்டா நிம்மதிடா. மூணு பெத்தாச்சு. இன்னும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறா?"

தஸ்லீம் பக்கத்தில்தான் நின்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ரத்தம் என்றால் நோய். இது என்றால் அசிங்கம்.

தர்மபுரிக்குப் போகும் பஸ்ஸில் கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் கொஞ்சம் நனைந்தது. சும்மா இருந்தால் வயிற்றை அறுத்துவிடுவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் மாமியார் பக்கத்தில் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுமித்ரா தஸ்லீமைத்தான் கேட்டார். ரஹமத் பீவி பதில் சொன்னாள்.

"ரெண்டு மாசமா ரத்தம் படுதுங்க. பையை எடுத்துருங்க."

"எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்ல ஆயா?"

தஸ்லீமைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துச் சோதித்தார்.

"ரத்தமே இல்லையேம்மா. கடைசியா எப்ப பட்டுச்சு?"

"தினமுந்தாங்க!" என்றாள் ரஹமத் பீவி, திரைக்கு வெளியிலிருந்து.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க ஆயா. எங்க, நல்லா இருமுங்கம்மா."

தஸ்லீம் தலையை ஆட்டினாள்.

"ஏன்?"

"மாட்டேங்க."

"இருமறதுக்கு என்னம்மா?"

"வந்துடும்ங்க."

"என்ன வந்துடும்?"

தஸ்லீம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். திரை துணிதானே. வெளியே ரஹமத் பீவிக்கு எல்லாம் கேட்டது.

சிறுநீரில் கிருமி இல்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையும் நன்றாக இருந்தது. டாக்டர் இருவரையும் உட்காரவைத்தார். பிரசவத்தில் அடிவயிற்றைத் தாங்கும் தசை தளர்ந்துவிடும், அழுத்தம் வரும்போது அதனால் பிடித்து நிறுத்த முடியாது, நிறையப் பேருக்கு உண்டு என்றார்.

"சிறுநீரையும் காத்தையும் அடக்கற மாதிரி உள்ளாற இழுத்துப் பிடிங்க. கொஞ்ச நேரம் வெச்சிருந்து விடுங்க. மூணு வேளையும் செய்யணும். மூச்சை அடக்கக்கூடாது, வயித்தை இறுக்கக்கூடாது. சிறுநீர் போகும்போது செய்யாதீங்க. இருமல் வரப்போவுதுன்னா முன்னாடியே இழுத்துப் பிடிச்சுக்குங்க. தண்ணி நல்லா குடிங்க. மலச்சிக்கல் ஆகாம பாத்துக்குங்க. மூணு மாசம் விடாம செஞ்சுட்டு வாங்க, பாப்போம்."

"மாத்திரை?"

"இப்ப வேணாம் ஆயா."

திரும்பும்போது பஸ்ஸில் ரஹமத் பீவி ஆரம்பித்தாள்.

"உனக்குப் புத்துநோய்னு நெனச்சு நான் தர்காவுக்கு நேர்ந்துக்கிட்டேன். தெரியுமா?"

"மன்னிச்சுக்குங்க மாமி. அசிங்கமா இருந்துச்சு."

"வயித்த அறுத்திருந்தா அழகா இருந்திருக்குமா?"

ரஹமத் பீவி அவள் பக்கம் திரும்பினாள்.

"ஒளு போனா மறுபடி செய்யறது. அதுக்கு ரெண்டு மாசம் தொழாம இருப்பியா? தண்ணிக்கா பஞ்சம்?"

"பஞ்சம்தான் மாமி. கொழாயில தண்ணி வந்து நாலு நாளாச்சு."

"வாய் மட்டும் நல்லா இருக்குது."

நிசார் வாசலிலேயே நின்றிருந்தான்.

"எப்ப ஆபரேசனாம்?"

"வேணாமாம். பை நல்லா இருக்குதாம்" என்றாள் ரஹமத் பீவி.

"அப்ப ரத்தம்?"

"நின்னுபோச்சு. பொம்பளைங்க சமாச்சாரத்துல உனக்கென்ன கேள்வி? கடையப் போய்ப் பாரு. அக்காகாரிக்கும் சொல்லிடு, அவ டாக்டருக்குப் படிக்கல."

முதல் சில வாரங்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. வெங்காயம் உரிக்கும்போது தஸ்லீம் பயிற்சி செய்வாள்.

"இப்ப பண்றியா?" என்பாள் மாமியார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"மூஞ்சியையும் இறுக்கச் சொன்னாங்களா என்ன? புளியங்கா தின்ன மாதிரி இருக்குற."

இரண்டாம் மாதம் குடம் தூக்கியபோது நனையவில்லை. அன்று மஃரிபுக்கு மாமியார் பக்கத்தில் போய் நின்றாள். தொழுகையின் முதல் சுற்றான ரக்அத் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. கடைசியான மூன்றாவதில் எழும்போது லேசாகக் கசிந்தது. விலகிப் போய்க் கழுவி, துணி மாற்றி, ஒளு செய்து வந்தாள். ரஹமத் பீவி தொழுது முடித்திருந்தாள்.

"போச்சு மாமி."

"சரி, நில்லு. மஃரிபு முடிய இன்னும் நேரமிருக்குது."