அடைப்புக்குறிக்குள் நாலு

...முப்பத்தாறு, என் கையெழுத்தேதான், நாலாவது கேள்விக்கு நானே எழுதிய விடை, 3a + 2, a = 4 எனில் மதிப்பு என்ன, முப்பத்தாறாம், அடிப்பாவி, போன வருஷமும் இதே குழியில்தானே விழுந்தாய், முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், முப்பத்துமூன்றோடு நின்றாய், இரண்டே மார்க், இந்தக் கணக்குக்கும் இரண்டே மார்க்... எழுத்தைத் தூக்கிவிட்டுப் பக்கத்தில் நாலை ஒட்டிவிட்டேன், முப்பத்துநாலு ஆகிவிட்டது, இரண்டைக் கூட்டினால் முப்பத்தாறு. வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? பன்னிரண்டு வருஷமாகத் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் வெட்டிய கட்டுகள் மேல் ஒட்டும் டிக்கெட் எழுதுகிறேன், 3a என்றால் மூன்றாவது கட்டு, a அளவு, அளவை எண்ணில் போடச் சொன்னால் a-வை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே 4 போடுவோம், அங்கே யாரும் எதையும் பெருக்குவதில்லை. போன வருஷம் தனித்தேர்வு ரிசல்ட் வந்தபோது வீட்டுக்காரர், "பரீட்சைத் தாள்லயும் டிக்கெட் ஒட்டிட்டு வந்துட்டியா"ன்னு சிரித்தார், நானும் சிரித்தேன், அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். "அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்கிறார் மேற்பார்வையாளர், ஐயோ, சீக்கிரம்.

மகள் சொன்னாளே, எட்டாவது படிக்கிறவள், எனக்கே வாத்தியார், "அம்மா, மூணுக்கும் a-வுக்கும் நடுவுல ஒரு பெருக்கல் ஒளிஞ்சிருக்கு, எழுத்தை எடுத்ததும் முதல்ல அடைப்புக்குறி போடு, அப்புறம் எண்ணை உள்ள உட்கார வை." சரி, கண்ணு, இதோ அடிக்கிறேன், 3, அடைப்புக்குறி, உள்ளே நாலு, பன்னிரண்டு, கூட்டல் இரண்டு, பதினாலு... பதினாலா? பதினாலுதான், அப்பாடா! இதையா கஷ்டம் என்று நினைத்தேன்? மார்பளவை நாலால் வகுத்து ஒன்றரை கூட்டு என்பார் எங்கள் கட்டிங் மாஸ்டர், முப்பத்தாறு மார்புக்குப் பத்தரை, நாற்பதுக்குப் பதினொன்றரை, அவர் வாய் மூடுமுன் சொல்லிவிடுவேன், மார்பளவு என்ற இடத்தில் வருகிற அளவையெல்லாம் உட்கார வைத்துக்கொண்டேதானே இருந்திருக்கிறேன், இத்தனை நாளும் அதற்கு a என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். "சர்டிபிகேட்டோட வா, துணிக்கு மாதிரி வரையிற பேட்டர்ன் மேஜை உனக்குத்தான், இந்த வருஷம் விட்டா வேற ஆள் போட்டுருவாங்க" என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த மேஜை வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வெட்கம், ஆனாலும் வேண்டும், நான் வரைந்த கோட்டில் கத்தரி போக வேண்டும். மணி அடித்துவிட்டது, தாளை இழுத்துக்கொண்டு போய்விட்டார், நிம்மதியாக மூச்சுவிடப் போனவளுக்கு ஒன்பதாவது கேள்வி ஞாபகம் வருகிறது, 3a − 2b, அதிலும் a நாலு, b மைனஸ் ஐந்து... அடைப்புக்குறி போட்டேனா? போட்டிருந்தால் இருபத்திரண்டு, போடாமல் மைனஸை விழுங்கியிருந்தால் வெறும் இரண்டு, எதை எழுதினேன், சத்தியமாக ஞாபகமில்லை.

வாசலில் வீட்டுக்காரர் வண்டியோடு நிற்கிறார், "என்ன, டிக்கெட் எழுதியாச்சா?", "ஒண்ணை ஒட்டினேன், நானே கிழிச்சுட்டேன், இன்னொண்ணு தெரியல, சும்மா இருங்க", அவர் பின் சீட்டைத் துடைத்துவிடுகிறார், நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். பின்னால் ஏறி உட்கார்ந்தேன், வண்டி போகிறது, சிக்னலில் நிற்கிறது, அந்தக் கணக்கு விடமாட்டேன் என்கிறது, மடியில் இருந்த தூசி படிந்த பையின் மேல் விரலால் எழுதிப் பார்க்கிறேன், மூன்று, வளைவு, நாலு, வளைவு, கழித்தல், இரண்டு, வளைவு... மைனஸ் ஐந்து இன்னும் வரவே இல்லை, அதற்குள் விரல் வளைவைத் திறந்து அதற்கு இடம் போட்டுவிட்டதே, நான் சொல்லவில்லையே, மகளும் பக்கத்தில் இல்லையே. அங்கே பரீட்சை அறைக்குள்ளேயும் இந்த விரல்தானே எழுதியது?