மாப்பிள்ளை கடை வயிற்றுக்கறி

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மாஸ்டரின் ஹோட்டலில் இரண்டு பேருக்கு யாரோ இடம் சொல்லி வைத்திருந்தார்கள். பன்றி வயிற்றுக்கறி வறுவல் வேண்டுமாம், அது இல்லையென்றால் வரவே மாட்டார்களாம். போனை எடுத்த சப்ளையர் சும்மா இருக்கக் கூடாதா? "எங்க மாஸ்டர் கைப்பக்குவம் வேற எங்கயும் கிடைக்காதுங்க, தாராளமா வாங்க" என்று அளந்துவிட்டு வைத்துவிட்டான்.

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். தோல், கொழுப்பு, கறி என்று அடுக்கடுக்காக வரும் அந்தத் துண்டைச் சிதைக்காமல் அறுக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். அவர் மாஸ்டரின் தங்கை புருஷன், கறிக்கடைக்காரர். இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டை சொத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். தங்கை வீட்டில் சாப்பிடும்போது, "மச்சான் சமையல்ல ருசின்னு ஒண்ணு இருந்தா, அது என் கறியோட ருசி" என்றார் மாப்பிள்ளை. "என் அடுப்புக்கு வரலைன்னா உங்க கறியை நாய்கூட மோந்து பார்க்காது" என்றார் மாஸ்டர். அவ்வளவுதான், பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். அன்றோடு ஹோட்டலில் வயிற்றுக்கறி நின்றது. விலைப்பலகையிலிருந்து மட்டும் மாஸ்டர் அதை அழிக்கவில்லை. அழித்தால் மாப்பிள்ளை சொன்னது நிஜமாகிவிடும் அல்லவா? கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் "இப்பதான் தீர்ந்துச்சு" என்று பதில் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை மாஸ்டர் தேடக் கிளம்பினார். முதல் கறிக்கடையில் தோலை உரித்து வைத்திருந்தார்கள். இரண்டாவது கடைக்காரர் தொடைக்கறியைக் காட்டி, "இதுவும் வயிறு மாதிரிதாங்க" என்றார். சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்தது ஐஸ் பிடித்து, சுவர் கட்ட உதவும் பதத்தில் இருந்தது. வெட்கத்தை விட்டு எதிர்த் தெரு ஹோட்டலில் ஒரு துண்டு கைமாற்றாகக் கேட்டார். "எங்களுக்கே உங்க மாப்பிள்ளை கடையிலேருந்துதான் வருது" என்று சிரித்தார் முதலாளி. அந்தச் சிரிப்பு மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

சப்ளையரை அனுப்பினார். "தோல் கிழியாம, அடுக்கு மூணும் தெரியற மாதிரி, ஓரம் நேரா வெட்டி..." என்று அவன் ஒப்பித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை கத்தியைக் கீழே வைத்தார். "இப்படிக் கேக்கறவர் ஊர்ல ஒரே ஆள்தான். அவரையே வரச் சொல்லு."

அடுத்து, வாயையே திறக்காதே என்று சொல்லிக் கல்லாக்காரரை அனுப்பினார். அவரும் திறக்கவில்லை. ஆனால் மாஸ்டரோடு பல வருஷம் இருந்த பழக்கம், கட்டைவிரலால் தோலை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டார். அது யாருடைய பழக்கம் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாதா? கல்லாக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

சாயங்காலம் மாஸ்டரே போய் நின்றார். கடை நிறையக் கூட்டம்.

"என்ன வேணும்?" என்றார் மாப்பிள்ளை, தெரியாத ஆளைக் கேட்பதுபோல.

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டா எப்படி?"

"அன்னைக்குச் சொன்னதை மாத்திச் சொல்லுங்க, தர்றேன்."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "உங்க கறி இல்லாம என் வறுவல் இல்ல, மாப்பிள்ளை. போதுமா?"

"அந்தப் 'போதுமா'வை எடுத்துட்டு இன்னொரு தடவை சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் காது மடல் சிவக்க மறுபடி சொன்னார். மாப்பிள்ளை உள்ளேயிருந்து ஒரு முழுத் துண்டை எடுத்து வந்து, சரிபாதியாக வெட்டி ஒரு பாதியைக் கட்டிக் கொடுத்தார். "மீதி வீட்டுக்கு" என்றார்.

மறுநாள் மதியம், போனில் சொல்லி வைத்த அந்த மேசைக்கு வந்தது தங்கைதான். அவள் பின்னால் மாப்பிள்ளை. வாசலில் நின்று திரும்பிப் போகப் பார்த்தவரை, அவள் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

மாஸ்டரே பரிமாறினார். தோல் மொறுமொறுவென்று நொறுங்கும் சத்தம் சமையலறை வரை கேட்டது. ஒரே ஒரு நல்ல வார்த்தைக்காக அவர் கதவோரம் நின்றார். இதற்காகத்தான் நேற்று அத்தனை பேர் முன்னால் மானம் போயிருந்தது.

"கறி நல்லா இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

மாஸ்டரின் முகம் செத்துவிட்டது. தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நானே சொல்லிடறேன். வாரம் தவறாம வீட்டுல நீ பண்ற மாதிரி பண்றேன்னு இவர் அடுப்பு முன்னாடி நிக்கறார். செருப்பை வறுத்தாப்ல வருது. ஆறு மாசமா அதை மென்னு மென்னு என் தாடை போச்சு. அதான் நானே ஆளை விட்டு போன் பண்ணச் சொன்னேன்."

மாப்பிள்ளை தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்டு காலியாக இருந்தது. அதை மெதுவாக மாஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க, மச்சான். சமையல் பிரமாதம். போதுமா?"

அந்தப் 'போதுமா'வைப் பிடித்துக்கொள்ள மாஸ்டர் ஆவலோடு வாயைத் திறந்தார். தங்கை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு உள்ளே போனவர், மாப்பிள்ளைக்கு ஒரு தட்டும் தனக்கு ஒரு தட்டுமாக எடுத்து வந்தார். அதற்குள் தங்கை மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள்.