கட்டிக்கும் ஒரு ஜாதகம்

காலை ஏழு மணிக்கே வீரபாண்டியன் கண்ணாடி முன் நின்று சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டிருந்தார். காரைக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். வணிகர் சங்கம், நடைப்பயிற்சிக் கழகம், நற்பணி மன்றம் என மூன்றுக்குத் தலைவர். நான்காவதாக யாராவது ஏதாவது தொடங்கினால் அதற்கும் தலைவராக அவருக்கு ஆட்சேபம் இல்லை. அன்று மன்றத்தின் சார்பில் மகளிர் புற்றுநோய் விழிப்புணர்வு ஊர்வலம். கொடியசைப்பது அவர், உரை அவருடையது, சுவரொட்டியில் பாதி இடத்தை அடைத்துச் சிரிப்பதும் அவர்தான்.

"ரிப்பன் நேரா இருக்கா நாகு?"

மனைவி நாகவல்லி நிமிரவில்லை. கையிலிருந்த அலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு நாளாக அப்படித்தான் பார்க்கிறாள்.

அவளுக்குச் சினைப்பையில் புற்றுநோய். மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு முறை கீமோவும் ஏற்றியாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்குச் சொன்னது 'சாதாரண வயித்துக் கட்டி'. முடி உதிர்ந்ததற்கு, குன்றக்குடி முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டதாக ஒரு கதை. கடைசி கீமோ அன்று டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி இல்லம்மா. உங்க கட்டியில எடுத்த துணுக்க மெழுகுல பதிச்சு வச்சிருக்கோம். அத சென்னை லேபுக்கு அனுப்பி ஜீன் டெஸ்ட் பண்ணணும். நோய் திரும்பாம இருக்கக் குடுக்குற மாத்திரை உங்களுக்குக் கேக்குமா, வேற வழி பாக்கணுமான்னு அத வச்சுத்தான் முடிவெடுப்பேன். ரிசல்ட் வர மூணு வாரம் ஆகும். ரெண்டு மாசத்துக்குள்ள நான் முடிவெடுத்தாகணும். பரம்பரையா வர்றதுன்னு தெரிஞ்சா மகளுக்கும் ஒரு டெஸ்ட் பாத்துக்கலாம்."

வீரபாண்டியன் தலையாட்டி, அந்தத் துணுக்கு இருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். மறுநாளே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து நாகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. அலைபேசி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

இப்போது அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ரிசல்ட் என்னாச்சுன்னு லேபுக்குப் பேசுனோம்மா. உங்க பேர்ல எதுவும் வரலைங்கிறாங்க. இங்கேருந்து வாங்கிட்டுப் போயி ஒரு மாசம் ஆகப்போகுதே?"

நாகவல்லி அலைபேசியை மெதுவாக வைத்தாள்.

"கூரியர் ரசீத எடுங்க."

"ரசீதா? கடையில கெடக்கும். இப்பவா கேக்குறது?"

கேள்வி கேட்டது வாய்தான். கண்கள் ஒரு நொடி பூஜை அலமாரிக்குப் போய்த் திரும்பின. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். போய்த் திறந்தாள். முருகன் படத்துக்குப் பின்னால் மகள் ராஜப்ரியாவின் ஜாதகம் இருந்த மஞ்சள் பை. ஜாதகத்துக்கு அடியில் அந்தப் பொட்டலம், பிரிக்காமலே.

பிரித்தாள். தீப்பெட்டி அளவுகூட இல்லாத மெழுகு வில்லை. நடுவில் பழுப்பாக ஒரு துளி. அவள் வயிற்றுக்குள் இருந்தது. அவளுக்கு என்ன மருந்து என்று சொல்ல வேண்டியது.

"தேவகோட்டை மாப்பிள்ள வீட்டுக்காரக சம்மதம் சொல்ற நேரம் நாகு. பரம்பரை நோய்னு எழுத்துல வந்துட்டா, நம்ம புள்ளைய யாரு கட்டுவா? நிச்சயம் முடிஞ்சதும் அனுப்பலாம்னு... அதான் முருகன் காலடியில வச்சேன்."

"முருகன் லேபு வச்சு நடத்துறாரா?"

வீரபாண்டியன் ரிப்பனைத் தடவினார்.

"மக ஜாதகத்த மூணு ஊர்ல குடுத்துப் பொருத்தம் பாத்தீக. என் கட்டியோட ஜாதகத்த ஒரே ஒரு எடத்துல பாக்க ஒங்களுக்கு மனசு வரல. மருந்து பொருந்துமான்னு தெரியாம நான் தெனம் செத்துக்கிட்டு இருக்கேன். நீங்க ரிப்பன் நேரா இருக்கான்னு கேக்குறீக."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. மன்றச் செயலாளர் சதீஷ்குமாரின் குரல்: "தலைவரே, கூட்டம் சேந்துருச்சு. வாங்க."

உரையின் அச்சுப் பிரதியோடு அறை வாசலில் ராஜப்ரியா நின்றிருந்தாள். எழுதிக் கொடுத்ததும் அவள்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"'தாய்மார்களே, கூச்சப்பட்டு நோயை மறைக்காதீர்கள்.' ரெண்டாவது பக்கம்பா. நீங்க இன்னும் படிக்கலபோல."

"ஒன் நல்லதுக்குத்தான்..."

"எனக்கும் அது வரும்னா மொதல்ல தெரிய வேண்டியது எனக்குப்பா. தெரிஞ்சா ஓடிப்போற மாப்பிள்ள இப்பவே ஓடட்டும். அம்மாவுக்கு நாள் ஓடுது."

வாசலில் நின்ற காரிலேயே போய் மூவரும் கூரியர் அலுவலகத்தில் இறங்கினார்கள். ஊர்வலம் தலைவர் இல்லாமலே கிளம்பியது. அதனால் அதற்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

வரிசையில் கடைவீதிக்காரர்கள் நாலைந்து பேர். எல்லாரும் வணக்கம் வைத்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள என்னண்ணே?"

"சாம்பிள்."

"பெயிண்ட் சாம்பிளா?"

பின்னால் நின்றவர்கள் காதைத் தீட்டுவது வீரபாண்டியனுக்கு முதுகில் தெரிந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுத்துத் தோளில் விட்டுக்கொண்டாள். கீமோவுக்குப் பிறகு முளைத்த அரை விரற்கடை முடி.

"பெயிண்ட் இல்லம்மா," என்றார். "என் வீட்டம்மாவோட கேன்சர் கட்டி. எந்த மருந்து கேக்கும்னு டெஸ்ட்டுக்குப் போகுது. பதனமா அனுப்பு."

அந்த வருடம் அவர் ஆற்றிய ஒரே விழிப்புணர்வு உரை அதுதான். கைதட்டல் இல்லை. யாரும் அவரைவிட்டுத் தள்ளி நிற்கவும் இல்லை.

"எப்ப போய்ச் சேரும்?" நாகவல்லி கேட்டாள்.

"நாளைக்குப் போயிரும்கா."

அவள் விரல் விட்டு எண்ணினாள். மூன்று வாரம் போக, டாக்டர் சொன்ன கெடுவில் மிச்சம் பன்னிரண்டு நாள். நல்லவேளை, இன்னும் நாள் இருந்தது. ரிசல்ட் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது.

படியிறங்கும்போது வீரபாண்டியன் ரிப்பனைக் கழற்றப் போனார். நாகவல்லி தடுத்தாள்.

"இருக்கட்டும். இப்பத்தான் அது நேரா இருக்கு. ஆனா ஒண்ணு, நோய ஊருக்குத் தெரியாம மூடி வைக்கிற வீட்டுல வீணாப் போறது நோயாளியோட நாளு. அடுத்த கூட்டத்துல பேசுனா அதச் சொல்லுங்க."