அப்பா பாடட்டும்

லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்து கெசியா பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாள். வெளிச்சம் வந்தது, வட்டம் சுற்றியது. போன தடவையும் இதுவரைக்கும் வந்துதான் கழுத்தை அறுத்தது. "ஆண்டவரே, இந்த ஒரு தடவை" என்று முணுமுணுத்தாள். திரை கறுத்துப்போனது. சனியன் பிடித்த லேப்டாப்!

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா தாவீது படுத்திருந்தார். பீர்க்கன்கரணையில் சபையார் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி மூடுமுன் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து பாடுகிற மனிதர். புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு இரண்டு வருஷம் சைகையிலேயே பேசினார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பாடிப் பதிந்த ஒரே பாட்டு இந்த லேப்டாப்புக்குள்தான் கிடந்தது. அதைக் கேட்கத் தெம்பில்லை என்று அம்மா ஜான்சி யாரையும் திறக்க விட்டதில்லை. அதே அம்மா இன்று காலை பாடகர் குழுவை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"யாரும் பாட வேணாம். அவரே பாடட்டும்."

நாலு மணிக்கு எடுக்க வேண்டும். போதகர் வந்து உட்கார்ந்தாயிற்று. சித்தி மகன் மெர்வின் சிறுசேரியில் சாஃப்ட்வேர் என்ஜினியர். பார்த்துத் தருவான் என்று நம்பியதும் வீண். இதன் டிஸ்க்கைக் கழற்றிப் போட்டுப் பார்க்கலாமென்றால், அவன் கம்பெனி லேப்டாப் வெளி டிஸ்க் எதையும் ஏற்காதாம்.

"பேட்டரி எங்கக்கா?"

"உப்பிப்போச்சுன்னு கழட்டிட்டோம். சார்ஜர்லதான் ஓடும்."

"இப்படியே அணைஞ்சி அணைஞ்சி எரிஞ்சா டிஸ்க்கே போயிடும்க்கா. நாளைக்குக் கடைல குடுக்கலாமே."

"நாளைக்கு யாருக்குடா போட்டுக் காட்றது?"

மறுபடி பட்டனை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. கூடத்தில் ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமியது, டியூப் லைட் ஒரு நொடி மங்கியது, லேப்டாப் அணைந்தது. கெசியாவும் மெர்வினும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அதான்! பெட்டி மோட்டார் கிளம்புறப்பல்லாம் வோல்டேஜ் படுத்துடுது" என்றான் மெர்வின். "அஞ்சு நிமிஷம் பெட்டிய ஆஃப் பண்ணுக்கா. ஒண்ணும் ஆகாது."

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். அப்பாவின் தலைமாட்டில் சுவரோரம் ஸ்விட்ச் இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது, அழுத்தவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில், "மிஷின் மட்டும்தாம்மா மூச்சு விடுது, எடுத்துடலாமா?" என்று டாக்டர் கேட்டபோது தலையாட்டியவள் அவள்தான். அம்மாவால் அந்த அறைக்குள்ளேயே வர முடியவில்லை.

"என்னால முடியாதும்மா. திரும்பவும் நானா? முடியவே முடியாது."

எல்லார் முன்னாலும் உடைந்து அழுதாள். காலையிலிருந்து இடத்தைவிட்டு அசையாத ஜான்சி எழுந்து வந்தாள்.

"தள்ளு" என்றாள். ஸ்விட்சைத் தட்டினாள். மோட்டார் நின்றது.

"என்னா ஜான்சி இது?" என்று யாரோ பதறினார்கள்.

"அஞ்சு நிமிஷம் தாங்குவாரு."

மெர்வின் சார்ஜரைச் செருகினான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டிஸ்க்கைச் சரிபார்ப்பதாக ஏதோ எழுத்து வந்தது. கெசியாவுக்கு வாய்க்குள் ஜெபம்கூட வரவில்லை. அப்புறம், நம்பவே முடியாமல், திரை விரிந்தது. தேடி அந்தப் பதிவைத் தட்டினாள்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு கனைப்பு. இரண்டு வருஷமாக அந்த வீடு கேட்காத குரல், சற்றே எரிச்சலோடு, கூடம் முழுக்கக் கேட்டது.

"ஜான்சி, அந்த ஃபேன நிறுத்தும்மா. பாட்டுல சத்தம் விழுது."

ஜான்சி சட்டென்று திரும்பி, கதவோரம் போய் ஃபேனை நிறுத்தினாள். மே மாதத்து வெக்கை கூடத்தை அடைத்தது. இறக்கைகள் மெல்லச் சுற்றி ஓயும்வரை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.