நத்தைக் கட்டுரையின் மேல்முறையீடு

கடிதத்தை நாலாவது தடவையாகப் படித்துவிட்டு எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆய்விதழுக்கு வரும் புகார்களையெல்லாம் திறப்பது அவள்தான். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'புகார் அக்கா'. பதினொரு வருஷமாக எத்தனையோ பேராசிரியர்களின் வசவுகளை அசராமல் விழுங்கியவளுக்கு, இந்த மரியாதையான கடிதம் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

"என் கட்டுரை நத்தைகளைப் பற்றியது. அதை நிராகரிக்கக் காரணமாக நீங்கள் அனுப்பிய மதிப்பீடோ, நான் மண்புழுக்களை மேலோட்டமாக ஆராய்ந்திருப்பதாகச் சொல்கிறது. நான் மண்புழுவைத் தொட்டதே இல்லை. இந்தக் கட்டுரை ஏற்கப்படாவிட்டால் மாதக் கடைசியில் என் வேலை போய்விடும். மறுபடி பாருங்கள், அம்மா."

பழைய மின்னஞ்சல்களைக் கிளறினாள். நத்தைக் கட்டுரைக்கும் இன்னொருவரின் மண்புழுக் கட்டுரைக்கும் நிபுணர் மதிப்பீடுகள் ஒரே மதியம் வந்திருந்தன. அவள்தான் மாற்றி இணைத்திருக்கிறாள். மண்புழுக்காரர் நத்தைக்கு வந்த பாராட்டோடு போன இதழில் அச்சேறிவிட்டார். அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

முதன்மை ஆசிரியர் ஆண்டுக் கூட்டத்துக்கான உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். 'நமது இதழின் முடிவை எதிர்த்து ஒரு மேல்முறையீடும் வென்றதில்லை' என்பதுதான் அதன் உச்சம். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் நிறுத்தி, கைதட்டல் அடங்கும்வரை தண்ணீர் குடிப்பார்.

"சார், அந்த நத்தைக் கட்டுரை..."

"நானே வரிவரியாப் படிச்சு எடுத்த முடிவும்மா அது. வழக்கமான பதில அனுப்பிடு."

"மதிப்பீடு மாறிப்போச்சு சார். என் தப்புதான். மண்புழுன்னு பதினாலு இடத்துல இருக்கு."

அவர் பேனாவை மூடினார். "பதினாலு இடத்துலயா?" உரைத் தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இத எழுத்துல எங்கயும் போட்டுடாத. உன் வேலைக்குத்தான் ஆபத்து. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தன் நல்லதில் அவருக்கு இத்தனை அக்கறை இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இருக்கைக்கு வந்து வழக்கமான பதிலைத் திறந்தாள். 'தங்கள் மேல்முறையீடு ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டது.' பெயரை மட்டும் நிரப்ப வேண்டும். நிரப்பினாள், அழித்தாள், திரும்ப நிரப்பினாள். வீட்டில் இரண்டு பிள்ளைகளின் படிப்பு அவள் சம்பளத்தில் ஓடுகிறது. அந்த நத்தைக்காரிக்கும் வீடு என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்? பெயரை அழித்தாள்.

மேல்முறையீட்டைக் கட்டுரையோடு சம்பந்தமில்லாத, ஆசிரியர் குழுவின் வெளி உறுப்பினர் ஒருவர் விசாரிப்பார் என்று ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் விதி இருக்கிறது. கீழே அவர் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. இதுவரை எல்லா மேல்முறையீடுகளையும் முதன்மை ஆசிரியரே விசாரித்து, தாம் சொன்னதே சரி என்று கண்டுபிடித்திருந்தார். அவள் அந்த எண்ணை அழுத்தினாள்.

"மேல்முறையீடா? நான் இன்னும் அந்தக் குழுவுல இருக்கேனாம்மா?"

"பதினொரு வருஷமா இருக்கீங்க சார்."

"ஒரு கடுதாசிகூட வரலையே! சண்டை சச்சரவே இல்லாத இடம்போலன்னு நெனச்சேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். யார் மாற்றி இணைத்தது என்பதையும் மறைக்கவில்லை.

"இத அப்படியே எழுதித் தருவீங்களா?"

"தரேன் சார்."

"அப்ப கட்டுரையையும் சேர்த்து அனுப்புங்க. படிச்சுப் பாத்துடறேன்."

எழுதினாள். முதன்மை ஆசிரியருக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்பது விதி. அவர் முகவரியையும் சேர்த்தாள். அனுப்பினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் கணினிப் பக்கம் திரும்பினார். உதட்டை அசைத்துப் படிப்பது அவர் வழக்கம். உதடுகள் அசைந்தன. இரண்டாவது வரிக்கு வந்திருப்பார், நின்றன. பிறகு, மிக மெதுவாக, முதலிலிருந்து அசையத் தொடங்கின.