இந்தக் கணவர் மறைக்கப்பட்டுள்ளார்

வியாழக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தணிகாசலம் மறைக்கப்பட்டார். வாய் கொப்பளிக்க அவகாசம் கொடுத்தார்கள். அந்த விஷயத்தில் குறை சொல்லக் கூடாது.

அவர் நின்ற இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கட்டம் நின்றது. அதில் எழுதியிருந்தது: ‘இந்தக் கணவர்மீது மூன்று புகார்கள் வந்துள்ளன. விசாரணை முடியும்வரை மறைக்கப்பட்டுள்ளார். பார்த்தே தீர வேண்டுமென்றால் அழுத்தவும்.’

அவர் மனைவி சுலோசனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நிதானமாகப் படித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“ஏய் சுலோ, அழுத்தேன்!” என்று கத்தினார். கட்டத்துக்குள் பேசுவது வெளியே கேட்காது.

தணிகாசலம் இணையத்தில் இருக்கும் மாடித் தோட்ட மன்றத்தில் ஆறு வருட உறுப்பினர். வைத்தது ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி. அதுவும் போய்ச் சேர்ந்தது. ஆனால் புகார் கொடுப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் சின்னதாக ஒரு சிவப்புக் கொடி இருக்கும். அதை மூன்று முறை அழுத்தினால் எழுதியவர் மறைந்துவிடுவார். இவர் முதலில் அழுத்துவார், நேரமிருந்தால் படிப்பார். காரணம் எப்போதும் ‘ஆபாசம்’. பட்டியலில் அதுதான் முதலில் இருந்தது. கத்தரிக்காய்ப் படம் போட்டவர் ஆபாசம். எரு எங்கே கிடைக்கும் என்று கேட்ட டீச்சர் ஆபாசம். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்துதான் தெளிக்க வேண்டும் என்ற இருதயராஜ் ஆபாசத்திலும் ஆபாசம்.

கட்டத்தோடு நகர்ந்து போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். உள்ளே மன்றத்தின் அலுவலகம் இருந்தது. அட்மின் அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இங்கே அவர் பேச்சு கேட்டது.

“எந்தப் படுபாவிம்மா என்மேல புகார் குடுத்தான்?”

“நீங்கதான் சார்.”

“நானா?”

“நேத்து மன்றத்துல உங்க படத்தை எடுத்துட்டு செம்பருத்திப் பூ படம் வெச்சீங்க. அப்புறம் அது யாரோன்னு நெனச்சு மூணு தடவை அழுத்திட்டீங்க.”

“காரணம்?”

“ஆபாசம்.”

“சரி, வாபஸ் வாங்கிக்கறேன்.”

“மறைஞ்சவங்க வாங்க முடியாது. மறையாத உறுப்பினர் ஒருத்தர் உங்களுக்காகச் சொல்லணும்.”

திரும்பிப் பார்த்தார். அலுவலகம் முழுக்கச் சாம்பல் கட்டங்கள். வரிசை கண்ணுக்கெட்டிய தூரம்வரை போய், அங்கிருந்து மாடி ஏறியது. எல்லாம் அவர் கைவண்ணம். வெளியே தெரிந்தவர் ஒரே ஒருவர். ஏழு நாளில் காய்க்கும் தென்னை விதை விற்பவர். அவர்மேல் யாருமே புகார் கொடுத்ததில்லை. தணிகாசலம் மட்டும் ‘அருமை’ என்று எழுதியிருந்தார்.

“அண்ணனுக்கு நான் கேரண்டி!” என்றார் விதைக்காரர். “ஏழே நாள்ல வெளிய வந்துடுவாரு.”

அட்மின் அம்மாள் ‘ஏழு நாள்’ என்று எழுதப் பேனாவை எடுத்தாள்.

“ஐயோ, வேணாம்மா!” என்று தணிகாசலம் பக்கத்துக் கட்டத்தை அழுத்தினார். தெளிப்பானும் கையுமாக இருதயராஜ் வெளியே வந்தார். உள்ளேயே தக்காளி போட்டிருந்தார். நன்றாகக் காய்த்திருந்தது.

“உனக்காக நான் சொல்றேன்யா. வேப்பெண்ணெயில சோப்பு கலக்கணும்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

தணிகாசலம் யோசித்தார். வீட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கும். ஆறு வருடக் கொள்கையும் இருக்கிறது.

“எண்ணெய்னா எண்ணெய்தான்யா. அதுல எதுக்குச் சோப்பு?”

“அப்ப நீ உள்ளயே கெட” என்று இருதயராஜ் தன் கட்டத்துக்குள் போய்ச் சாத்திக்கொண்டார்.

இனி சுலோசனா அழுத்தினால்தான் உண்டு. தணிகாசலம் வீட்டுக் கூடத்துக்குத் திரும்பி வந்து நின்றார். அவள் அவர்மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டாள். பத்து வருடமாகப் பாடாத பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே பருப்பு களைந்தாள். மத்தியானம் காலை நீட்டித் தூங்கினாள். அவள் அழுத்தினால் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். ‘உன் பாட்டு நல்லா இருந்துது சுலோ.’ நாற்பது முறை சொல்லிப் பார்த்தார்.

நாலு மணிக்கு அவள் காபி போட்டாள். கைப்பழக்கம், இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டாள். இரண்டாவது டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து துண்டை எடுத்துவிட்டு அழுத்தினாள்.

தணிகாசலம் தெரிந்தார். வாயைத் திறந்தார்.

“காபியில சர்க்கரை பத்தல.”

இன்னும் குடிக்கவே இல்லை.

சுலோசனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இடது காதுக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்புக் கொடி இருந்தது. தொட்டதும் பட்டியல் இறங்கியது. அவள் பொறுமைசாலி. முதல் வரியோடு நிற்காமல் கடைசிவரை படித்து, ‘தலைப்புக்குத் தொடர்பில்லாதது’ என்பதைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை அழுத்தினாள்.

பிறகு இரண்டு டம்ளர் காபியையும் அவளே குடித்தாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.