கோட்டின் நடுக்கம்

கலைமணி இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரில் கெயினை இன்னும் ஒரு படி ஏற்றினாள். மார்பை அழுத்தி அழுத்தி ஓய்ந்த நர்ஸ் ஜோதி, டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தாள். படப்பையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கட்டிலில் அப்பா தாண்டவராயன். காலையில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி உடுப்போடு சரிந்தவர். திரையில் கோடு நேராக ஓடியது. அதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரகடத்தில் சென்சார் சோதிக்கும் லேப்பில் அவளுக்கு இதுதான் வேலை. துளியூண்டு சிக்னலை ப்ரீஆம்ப்ளிஃபயரில் கெயின் ஏற்றிப் பெரிதாக்குவாள். பிறகு ஃபில்டர் போட்டு, உள்ளே வரும் அலைகளின் பேண்ட்விட்தைக் குறுக்கி, கூடவே வருகிற இரைச்சலை வெட்டுவாள். ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிய சென்சாரிலும் எத்தனையோ முறை சிக்னலைக் கண்டுபிடித்திருக்கிறாள். பழகிய கை சும்மா இருக்குமா?

கோடு நடுங்க ஆரம்பித்தது. சின்னச் சின்ன அலை, நிற்காமல்.

"தோ பாருடி, துடிக்குது!" அம்மா சின்னப்பொண்ணு கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உங்கப்பனுக்கு உசுரு கீது. வண்டி சொல்லு, மெட்ராசுக்கு இட்டுகினு போலாம்."

ஒரு நொடி கலைமணியும் நம்பினாள். நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் அந்த அலையை அவளுக்குத் தெரியும். ஒரே சீர், ஒரே உயரம். இதயம் அப்படித் துடிக்காது. சுவரில் ஓடும் கரண்ட் வயரின் இரைச்சல் அது. லேப்பில் தினமும் அவள் வெட்டி எறிவது.

"அம்மா, அது அப்பா இல்லம்மா. கரண்டு."

"வாய மூடு. கண்ணால பாத்துகினு கீறேன், கரண்டாம் கரண்டு!"

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவின் காலைத் தேய்க்கத் தொடங்கினாள். "யோவ், எய்ந்திரு. வூட்டுக்குப் போலாம்" என்று அதட்டினாள். தான் ஏற்றியதைத் தான்தான் இறக்கியாக வேண்டும் என்று கலைமணிக்குத் தெரிந்தது.

மானிட்டரில் இரைச்சலை வெட்டும் ஃபில்டர் பொத்தானை அழுத்தினாள். கோடு நேரானது.

அம்மாவின் கை நின்றது. திரையைப் பார்த்தாள். பொத்தானின் மேல் இருந்த மகளின் விரலைப் பார்த்தாள்.

"இன்னாடி பண்ணே நீ?"

டாக்டர் வந்து, அப்பாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொன்னது அம்மாவின் காதில் ஏறவில்லை. ஆம்புலன்சில் தங்கள் ஊரான வடக்குப்பட்டு போய்ச் சேரும் வரை மகளோடு அவள் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் மட்டும் சொன்னாள்: "நல்லா துடிச்சிகினு இருந்திச்சி. இவதான் கைய வச்சா."

யாரும் கலைமணியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

மாலையில் ஐஸ் பெட்டி வந்தது. அப்பாவை உள்ளே கிடத்தி ப்ளக்கைச் செருகியதும் மோட்டார் உறுமத் தொடங்கியது. கூட்டம் காபிக்கு நகர்ந்த நேரத்தில், அம்மா பெட்டியின் கண்ணாடிமேல் காதை வைத்துக்கொண்டாள்.

"கேக்குதுடி" என்றாள், ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் முறையாக மகளைப் பார்த்து. "உள்ள கேக்குது."

கலைமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தானும் காதை வைத்தாள். கண்ணாடி சில்லென்றிருந்தது.

"ஆமாம்மா" என்றாள்.